குதிரை வீட்டில் ஏறிய சிப்பாய்

ஒதியம்பட்டு ஆரோக்கியசெல்வியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவள் காலிலிருந்துதான் தொடங்க வேண்டும். நல்ல முகம், நல்ல பேச்சு, எல்லாம் உண்டு. ஆனால் அவளை ஒன்பது வருடமாக ஆட்டிவைத்தது கால்தான். சேதராப்பட்டில் பாட்டில் மூடி வார்க்கிற தொழிற்சாலை ஒன்றில் அவளுக்குத் தரம் பார்க்கிற வேலை. காலை ஆறு மணியிலிருந்து மதியம் இரண்டு மணி வரை நின்றுகொண்டே பார்க்க வேண்டும். அந்த ஷெட்டில் நாற்காலி என்ற பொருள் மேனேஜர் அறையில் மட்டும்தான் இருந்தது. உட்கார்ந்தால் பெண்களுக்குக் கண் அசந்துவிடுமாம். எந்த மகராசன் கண்டுபிடித்தானோ!

முப்பத்தைந்து வயதிலேயே இரண்டு கெண்டைக்காலிலும் நரம்பு நீலமாகப் புடைத்துச் சுருண்டுகொண்டது. சாயங்காலம் ஆனால் பாதம் வீங்கி, செருப்பு வார் பதிந்து கிடக்கும். போன தை மாதம் டாக்டர் காலை அழுத்திப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு வருஷம் இப்படியே நின்னீங்கன்னா புண்ணு வச்சுரும்மா. அப்புறம் மருந்துக்கு அடங்காது. உட்கார்ந்து செய்யற வேலையா பாருங்க" என்று சொல்லிவிட்டார். சொல்வதற்கென்ன, சொல்லிவிடலாம். புதுச்சேரிப் பக்கத்து வில்லியனூர் கொம்யூன் வட்டாரத்தில் உட்கார்ந்து செய்யற வேலை மரத்திலா காய்க்கிறது?

அவள் கணவன் பெலவேந்திரன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். "வுட்டுடு செல்வி, நான் ஒருத்தன் ஓட்டறேன், போதும்" என்றான். ரெண்டு பிள்ளைகள் படிக்கிற வீட்டில் அது போதாது என்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அதனால் அவள் "பாக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

ஆனால் செல்விக்கு உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை ஒன்று கைவசம் இருந்தது. அது வேலை என்று அவளைத் தவிர யாரும் ஒப்புக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். அவள் செஸ் ஆடும் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவள். பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்த நாளிலிருந்தே அவளுக்குப் புரோகிராம் எழுதுகிற கிறுக்கு உண்டு. ஷிப்ட் முடிந்து வந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் கிடைக்கிற ஒன்றரை மணி நேரத்தில், பழைய லேப்டாப் ஒன்றை வைத்துக்கொண்டு, பதினோரு வருடத்துக்கு முன் தொடங்கியதை எழுதி எழுதித் திருத்தி வைத்திருந்தாள். அதற்குச் சுள்ளான் என்று பெயர். அளவில் சின்னது, விலை குறைந்த போனில்கூட ஓடும், ஆனால் கடித்தால் சுள்ளென்று கடிக்கும்.

இந்தப் பங்குனியில் சென்னைக் கம்பெனி ஒன்றிலிருந்து அவளுக்குக் கடிதம் வந்தது. கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போனில் செஸ் சொல்லித்தருகிற ஆப் ஒன்றைச் செய்கிறார்களாம். அதற்குள் வைக்கச் சின்னதாக, வேகமாக ஒரு புரோகிராம் வேண்டும். இணையத்தில் சுள்ளானைப் பார்த்திருக்கிறார்கள். முந்நூறு ஆட்ட நிலைகளை அனுப்பி, "ஒவ்வொன்றுக்கும் சரியான நகர்த்தலை மூன்று வினாடிக்குள் சொல்ல வேண்டும். பிள்ளைகள் பார்த்துப் படிப்பதால் ஒன்றுகூடத் தப்பக் கூடாது. முந்நூறும் வந்தால் உங்களை வேலைக்கு எடுத்துக்கொள்கிறோம். வீட்டிலிருந்தே செய்யலாம். பத்து நாள் அவகாசம்" என்று எழுதியிருந்தார் தேவி என்கிற பெண்மணி.

வீட்டிலிருந்தே! செல்வி அந்த ஒரு சொல்லை நாலு தடவை படித்தாள். சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் படித்தாள்.

அன்றைக்கே ஓட்டிப் பார்த்தாள். இருநூற்றுத் தொண்ணூற்றேழு சரி. மூன்று தப்பு. அந்த மூன்றையும் திறந்து பார்த்ததும் அவள் முகத்தில் ஈயாடவில்லை. மூன்றும் ஒரே தப்பு. அதுவும் தெரியாமல் செய்த தப்பு இல்லை, பதினோரு வருடத்துக்கு முன்னால் அவளே தெரிந்து செய்தது.

விஷயம் இதுதான். செஸ்ஸில் சிப்பாய் ஒவ்வொரு கட்டமாக நகர்ந்து எதிர்முனைக் கடைசி வரிசையைத் தொட்டுவிட்டால் அது ராணியாக மாறலாம். யானையாகவோ குதிரையாகவோ மந்திரியாகவோகூட மாறலாம். கையில் ராணி கிடைக்கும்போது குதிரையை எவன் கேட்பான்? நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை ராணிதான். ஆனால் எப்போதாவது ஒரு தடவை, ராணியை எடுத்தால் வெற்றி கைநழுவிப் போகும், குதிரையோ யானையோ எடுத்தால்தான் ஜெயம் என்று ஓர் இக்கட்டு வரும். செல்வி தன் சுள்ளானுக்கு ராணியைத் தவிர வேறெதையும் சொல்லித்தரவே இல்லை. யாராவது கேட்டால் "ஸ்பீடுக்காக" என்பாள். வாய்ப்பு நாலானால் கணக்கும் நாலு மடங்காகும், அதனால் வேகம் குறையும் என்பாள். அது பாதி உண்மை. மீதிப் பாதி அவமானம்.

அந்த அவமானத்தைச் சொல்ல வில்லியனூர் கடைத்தெருவுக்குப் போக வேண்டும். அங்கே அமீர் ஹம்சாவின் ஹார்டுவேர் கடை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அமீர் ஹம்சா வீட்டுக்குத் தூங்கப் போய்விடுவார். அவர் மனைவி தாஜ் நிஷா கல்லாவில் உட்காருவாள். அந்த நேரத்தில் கடைக்கு ஈ காக்காய் வராது. ஆகவே அவளுக்குச் செஸ். காய் தொலைந்த இடத்தில் கடைச் சரக்கையே நிறுத்திவிடுவாள். கறுப்பு யானை ஒன்று இரும்பு போல்ட், வெள்ளைச் சிப்பாய் இரண்டு பித்தளை நட்டு. செல்வி கல்யாணமாகி வந்த நாள் முதல் அவளுக்கு ஆட்டத் துணை இந்தத் தாஜக்காதான்.

அந்தத் தெருவில் எல்லோரும் ஆடுகிற ஆட்டத்தில் ஒரு விதி. சிப்பாய் எதிர்முனைக்குப் போனால் நினைத்தபடி ராணியாக முடியாது. எந்தக் கட்டத்தில் ஏறுகிறதோ, ஆட்டம் தொடங்கும்போது அந்தக் கட்டத்தில் யார் நின்றாரோ அவராகத்தான் மாற வேண்டும். மூலையில் ஏறினால் யானை. அடுத்த கட்டம் குதிரை வீடு, அங்கே ஏறினால் குதிரை. அதற்கடுத்தது மந்திரி வீடு. ராஜா வீடு, ராணி வீடு இரண்டிலும் ஏறினால் மட்டும் ராணி. எந்தப் புத்தகத்திலும் இல்லாத விதி, ஆனால் அந்தத் தெருவில் அதை மீறி ஆடினால் பலகையைக் கவிழ்த்துவிடுவார்கள்.

செல்வி செஸ் கற்றுக்கொண்டதே அந்தத் தெருவில்தான். உலகம் பூராவும் இப்படித்தான் ஆடுகிறார்கள் என்று நம்பி, முதல் புரோகிராமை அந்த விதிப்படியே எழுதி, பெருமையாக இணையத்தில் போட்டாள். அவள் புரோகிராம் ஜெயிக்கிற ஆட்டத்தில் சிப்பாயைக் கொண்டுபோய்க் குதிரை வீட்டில் ஏற்றிக் குதிரையாக்கித் தோற்றது. கீழே கருத்துப் பகுதியில் ஒரு பட்டாளமே வந்து சிரித்தது. "இது எந்த ஊரு செஸ்?" என்று ஒருவன் கேட்டான். "மாட்டுத்தொழுவ செஸ்" என்று இன்னொருவன் பதில் போட்டான். செல்வி அழுதுகொண்டே எல்லாவற்றையும் அழித்தாள். புதிதாக எழுதும்போது, இனிமேல் குதிரையும் வேண்டாம் யானையும் வேண்டாம், ராணி மட்டும்தான் என்று முடிவு கட்டினாள். சூடுபட்ட கை அந்தப் பக்கமே போகவில்லை.

இப்போது போயாக வேண்டும். முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தாள். நாலு வாய்ப்பையும் எல்லா இடத்திலும் திறந்துவிட்டாள். மூன்று நிலையும் சரியாக வந்தன. ஆனால் சுள்ளான் மூச்சு வாங்கியது. சிப்பாய் முன்னேறி நிற்கிற பதினோரு நிலைகளில் மூன்று வினாடியைத் தாண்டிவிட்டது. மூன்றைப் பிடிக்கப் போய்ப் பதினொன்றை விட்டாள். இப்படியும் அப்படியும் மாற்றி மாற்றி ஆறு நாள் போனது. காலும் வீங்கியது, மனசும் வீங்கியது.

ஏழாம் நாள் மதியம் சேதராப்பட்டு பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கடைக்குப் போனாள். தாஜ் நிஷா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாடி, மூஞ்சி செத்தவூட்டு மூஞ்சியா இருக்கு?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாதவ மூஞ்சியா இது? காலைத் தூக்கி அந்தப் பெயிண்ட் டப்பா மேல வையி. ஒரு ஆட்டம் போடு. தானா சொல்லுவ."

ஆடினார்கள். செல்விக்கு மனசு ஆட்டத்தில் இல்லை. தாஜ் நிஷாவின் பித்தளை நட்டு ஒன்று மெல்ல நகர்ந்து கடைசி வரிசைக்கு ஒரு கட்டம் முன்னால் வந்து நின்றது. குறுக்கே வெட்டினால் மந்திரி வீடு, நேரே போனால் குதிரை வீடு. தாஜ் நிஷா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. நேரே ஏற்றி, நட்டை எடுத்துவிட்டுக் குதிரையை 'டக்'கென்று வைத்தாள். குதிரை செல்வியின் ராஜாவையும் ராணியையும் ஒரே நேரத்தில் மிரட்டியது. ராஜாவை நகர்த்தினாள் செல்வி, ராணி போனது.

"எப்பிடிக்கா இம்மாம் சீக்கிரம் பாத்த? யோசிக்கவே இல்லியே நீ" என்றாள் செல்வி.

"இதுல இன்னாடி யோசிக்கறதுக்கு இருக்கு? குதிரை வூட்டுல ஏறுனா எடுத்த எடுப்புல ராஜாவ மிரட்டுதா, அத்த மட்டும் பாப்பேன். மிரட்டுச்சின்னா ஏத்துவேன். மிரட்டலன்னா அந்தக் குதிரை எனக்கு எதுக்கு? வேற வூட்டுக்கு வழி தேடுவேன்."

செல்வியின் கை அப்படியே நின்றது. "சரி, யானை வூடு?"

"யானை எப்பவும் எளப்பமில்லடி. ராணி வந்து நின்னா சில நேரம் எதிராளி ராஜாவுக்கு நவுர எடமே இல்லாம போயிடுதே. மிரட்டலும் இல்ல, நவுரவும் முடியாதுன்னா ஆட்டம் டிரா. ஜெயிக்கிற ஆட்டம் பாழு. அந்த மாதிரி வந்தா மட்டும் மூலை வூட்டப் பாப்பேன். எல்லா நேரமும் எல்லாத்தயும் பாத்துக்கினு இருந்தா நான் எப்ப கடைய பாக்கறது?"

அடேயப்பா! செல்விக்குப் பளிச்சென்று பிடிபட்டது. எல்லா நேரமும் எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை! குதிரை, அது ராஜாவை மிரட்டினால் மட்டும். யானையும் மந்திரியும், ராணியை வைத்துப் பார்த்து எதிராளி முடங்கினால் மட்டும். இதற்குக் கூடுதல் கணக்கு ஏதுமே வேண்டாம். ராணி வந்த பிறகு எதிராளிக்கு நகர்த்தல் இருக்கிறதா என்று சுள்ளான் எப்படியும் பார்க்கிறது. இல்லை என்றால் மட்டும் திரும்பி வந்து யானையைக் கேட்டால் போதும். இந்த ஊர்க்காரர்கள் குதிரை வீட்டையும் யானை வீட்டையும் வாழ்நாள் முழுக்க எடைபோட்டுப் பழகினவர்கள். ராணியைத் தவிர வேறு அறியாத இணையத்துச் சிரிப்பாளிகளுக்கு இது எங்கே தெரியப்போகிறது!

அப்போதுதான் அந்தப் பழைய கதை முழுவதையும் தாஜ் நிஷாவிடம் சொன்னாள். சிரித்தார்கள், அதனால் வெட்டினேன் என்றாள். தாஜ் நிஷாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எவனோ பல்ல காட்டுனான்னு நம்ம ஆட்டத்த வெட்டிப் போட்டியா? பதினோரு வருசமா எதிர்ல உக்காந்து ஆடறேன், எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேடி பாவி!"

"வெக்கமா இருந்திச்சிக்கா."

"வெக்கமாம் வெக்கம். எந்திரி. போயி எழுது."

எழுதினாள். ஓட்டினாள். வேகம் துளிகூடக் குறையவில்லை. இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது! துள்ளிக் குதித்திருப்பாள், கால் விடவில்லை. அந்த ஒன்று மட்டும் முரண்டு பிடித்தது. அதில் ராணி வந்தவுடனே முடக்கம் வரவில்லை. எதிராளி தன் யானையை வேண்டுமென்றே ராணியின் வாயில் கொண்டுவந்து வைக்கிறான். ராணி அதை வெட்டாமல் தப்ப வழியில்லை. வெட்டினால் அதற்கப்புறம் முடக்கம். தாஜக்காவின் விதி ஓர் அடி தூரம்தான் பார்க்கும், இந்தப் பொறியோ மூன்றடி தள்ளி இருந்தது. இரண்டு நாள் மோதினாள். நாளை மறுநாள் கெடு.

ஒன்பதாம் நாள் காலை ஷிப்டில் அச்சு மாற்றினார்கள். அச்சு மாற்றினால் தொழிற்சாலையில் ஒரு வழக்கம். முதலில் விழுகிற மூடியை ஃபர்ஸ்ட் பீஸ் என்பார்கள். அதை மட்டும் விளிம்பு, திருகு, கனம், நிறம், விட்டம் என்று ஒன்று விடாமல் அளந்து கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம் விழுகிற ஆயிரக்கணக்கான மூடிகளை அப்படி அளக்கமாட்டார்கள். விளிம்பில் பிசிறு இருக்கிறதா என்று விரலால் ஓர் ஓட்டு ஓட்டினால் முடிந்தது. பிறகு தப்பு வந்தால் அந்த விளிம்பில்தான் வரும்.

செல்வி முதல் மூடியை எல்லா அளவையும் வைத்து அளந்தாள். இரண்டாவதை விரலால் ஓட்டினாள். மூன்றாவதை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னா செல்வி, நின்னுக்கினே தூங்கறியா?" என்று சூப்பர்வைசர் ருக்குமணி கேட்டாள்.

"இல்லக்கா, முழிச்சிக்கினேன்" என்றாள் செல்வி. ருக்குமணிக்கு ஒன்றும் புரியவில்லை.

முதல் பீஸ்! ஆட்டத்தில் அடுத்து வைக்கப்போகிற நகர்த்தல்தான் முதல் பீஸ். அங்கே மட்டும் ராணி, யானை, மந்திரி, குதிரை நாலையும் முழுதாகப் பார்க்கட்டும். பிறகு கற்பனையில் பார்க்கிற லட்சக்கணக்கான நகர்த்தல்களுக்குத் தாஜக்கா விதியே போதும். நாலு வாய்ப்பும் திறக்கிறது ஒரே ஒரு இடத்தில் என்பதால் வேகத்துக்கும் குறை வராது.

மதியம் மூன்று மணிக்கு முந்நூறும் வந்தன. மறுபடி ஓட்டினாள், முந்நூறு. உடனே தேவிக்கு அனுப்பிவிட்டாள். பெலவேந்திரன் சாப்பிட வந்தவன், இவள் அழுவதைப் பார்த்துப் பதறி, "யாரு இன்னா சொன்னாங்க?" என்று கேட்டான். "சுள்ளான் பாஸாயிட்டான்" என்றாள். அவனுக்குச் செஸ்ஸில் ராஜா எது ராணி எது என்றே தெரியாது, ஆனாலும் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்து அவள் தலையைப் பிடித்துக்கொண்டான்.

சனிக்கிழமை தேவி வீடியோவில் வந்தார். கண்ணாடி போட்ட, நிதானமாகப் பேசுகிற பெண்மணி. செல்வியின் புரோகிராமை வரிவரியாகப் படித்திருந்தார்.

"முந்நூறும் வந்திருக்கு, சந்தோஷம். ஒரு சந்தேகம். இங்க 'தாஜ் விதி'ன்னு ஒரு குறிப்பு எழுதியிருக்கீங்க. எந்தப் புத்தகத்துல இருக்கு?"

எங்கோ படித்தேன் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. உண்மையைச் சொன்னால் இந்த அம்மாவும் சிரித்துவிட்டால்? மாட்டுத்தொழுவச் செஸ் ஆடுகிறவளுக்கு வேலையா என்று நினைத்துவிட்டால்? மேசைக்கடியில் அவள் கால் விண்விண்ணென்று தெறித்தது. தாஜக்காவின் 'பாவி' காதில் விழுந்தது.

"புத்தகத்துல இல்ல மேடம். எங்க ஊர்ல ஹார்டுவேர் கடை வச்சிருக்கற தாஜ் நிஷான்னு ஒருத்தங்க. நாங்க ஆடற ஆட்டமே வேற மேடம்" என்று தொடங்கி, குதிரை வீடு, யானை வீடு, பித்தளை நட்டு, இணையத்தில் சிரித்தது, வெட்டிப் போட்டது எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

தேவி ஏதோ குறித்துக்கொண்டார். செல்வி திரையைப் பார்க்காமல் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த விதியில ஆடறவங்க உங்க ஊர்ல எத்தனை பேர் இருப்பாங்க?"

"எங்க கடைத்தெருவுல எல்லாருமே மேடம்."

"மத்த ஊர்கள்லயும் இருப்பாங்க இல்ல? அந்தப் பிள்ளைங்க நம்ம ஆப்பைத் திறந்தா, நீ ஆடறது தப்புன்னுதான் அது முதல்ல சொல்லும்." தேவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஊர் விதின்னு ஒரு பட்டன் வச்சிடலாம். அதுல தொடங்கி, அப்புறம் உலக விதிக்குப் போகட்டும். ஒண்ணாம் தேதியிலேருந்து வரீங்களா? முதல் வேலை உங்களுக்கு அதுதான்."

செல்வி "வரேன் மேடம்" என்று சொன்னாளா, தலையை மட்டும் ஆட்டினாளா என்பது அவளுக்கே நினைவில்லை.

ஒன்றாம் தேதி காலை பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் லேப்டாப்பைச் சமையல் மேடைமேல் வைத்துத் திறந்தாள். எழுதத் தொடங்கினாள். ஊர் விதியை அழித்துப் பதினோரு வருடம் ஆகியிருந்தது, ஆனால் விரல் அதை மறக்கவில்லை. ஒரு மணி நேரம் போனது தெரியவில்லை. வாசலில் சத்தம் கேட்டுத் திரும்பினால், தாஜ் நிஷா கடையிலிருந்து நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். செல்வியைப் பார்த்தாள், சமையல் மேடையைப் பார்த்தாள், மறுபடி செல்வியின் காலைப் பார்த்தாள்.

"ஏண்டி, இன்னும் நின்னுக்கினா இருக்க?"

அப்போதுதான் செல்விக்கே தெரிந்தது. ஒன்பது வருடப் பழக்கம், வேலை என்றதும் கால் தானாக நின்றுவிட்டது. சிரிக்கப் பார்த்தாள், அழுகைதான் வந்தது. தாஜ் நிஷா மேசையை ஜன்னலோரம் இழுத்து, நாற்காலியைத் தன் முந்தானையால் துடைத்துப் போட்டாள்.

"உக்காருடி."

செல்வி உட்கார்ந்தாள். காலை நீட்டி, லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தாஜ் நிஷாவின் ஊர் விதியை எழுதி முடிக்கும்வரை அன்றைக்கு அவள் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.